மோட்டார் காது

15 நவம்பர் 2024, வெள்ளி

பிரபாகர் புதுக் கேபிளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தேக்கு மரப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட்டு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயர்தான் சமாச்சாரம். பக்கத்துக்கு மூன்று மீட்டர். விலையைக் கேட்ட சுலோசனா, "இதுல பாட்டு மட்டும்தான் வருமுங்களா, கூட வேற ஏதாச்சும் வருமுங்களா?" என்றாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வேறு சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். பெண்டாட்டியிடம் ஒலியைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் நாற்பது வருட அனுபவம்.

டிசம்பர் எட்டாம் தேதி எங்கள் ஒலி ரசிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். புதுக் கேபிளையும், சங்கம் அளவுகோலாக வைத்திருக்கிற அளவுக் கேபிளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, எது உசத்தி என்று நான் முடிவு சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் யார் புதிதாகக் கேபிள் வாங்கினாலும், "வாத்தியார் என்ன சொன்னாரு?" என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சங்க மலரில் போட்டிருக்கிறது. பிரபாகர் இந்தச் சாமான்களை விற்கிற கடை வைத்திருப்பவன், அவனுக்கு என் வாய் முகூர்த்தம் முக்கியம்.

16 நவம்பர், சனி

எண்ணெய்க் குளியல் கிடையாது. எண்ணெய் தேய்த்தால் இரண்டு நாள் காது அடைத்துக்கொள்ளும். கூட்டம் முடியும்வரை சனிக்கிழமைகளில் வெறும் தலைக் குளியல்தான்.

புதுக் கேபிளை ஸ்பீக்கரில் மாட்டிப் பழக விட்டிருக்கிறேன். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல, நூறு மணி நேரமாவது பாட்டு ஓடினால்தான் கேபிள் தன் குணத்தைக் காட்டும். ஆளில்லாத அறையில் காலை ஆறு மணியிலிருந்து வீணை ஓடுகிறது, தினமும் ஐந்து மணி நேரம். சுலோசனா கதவைச் சாத்திவிட்டாள்.

18 நவம்பர், திங்கள்

தாமிரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததில் கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் இருந்த ஒரு வைண்டிங் கடை ஞாபகம் வந்தது. 1983. ரங்கராஜு பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். நான் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு வருடம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. மெஷின் வந்த மரப்பெட்டிகளை உடைத்து அவன் ஸ்பீக்கர் பெட்டி செய்தான். மோட்டாருக்குச் சுற்றி மிஞ்சிய தாமிரக் கம்பிதான் எங்கள் கேபிள். கடை முழுக்க வார்னிஷ் வாசனை அடிக்கும். அந்த வாசனையில் கேட்ட பாட்டு மாதிரி பிறகு எந்த ஏசி அறையிலும் நான் கேட்கவில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவான். பாடகி பாட ஆரம்பித்ததும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தைக் காட்டி, "இங்க நிக்கறாங்க பாரு" என்பான். உண்மையிலேயே அங்கே ஒரு பெண் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். பிறகு ஒரு மணி நேரம் யாரும் பேசமாட்டோம். அவன் அம்மா அனுப்பின அரிசிம்பருப்பு சாதம் தூக்குப்போசியில் ஆறிப்போகும்.

ரங்கராஜுவைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. தாமிரம் என்றதும் வந்தான், அவ்வளவுதான்.

19 நவம்பர், செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

2010 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து ஒரு கேபிள் வந்தது. கோயமுத்தூருக்கு வந்த முதல் பெரிய கேபிள். பார்க்க முப்பது பேர் கூடினார்கள், என் மாணவர்கள் நாலு பேர் உட்பட. நான்தான் மாட்டினேன். நான்தான் கேட்டேன். ஒலி அறை முழுக்க விரிகிறது, சுவரே காணாமல் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ரங்கராஜு மட்டும், "அவங்க நடுவுல நிக்கலயேப்பா. எங்கியோ கலைஞ்சு போயிக் கெடக்கறாங்க" என்றான்.

முப்பது பேர் முன்னால் அப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? "முப்பது வருசமா மோட்டார் எரைச்சல்ல கெடந்த காது உன்றது. மோட்டார் காதுக்கு இதெல்லாம் கேக்காது, ரங்கராஜு" என்றேன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அவன் எழுந்து மேடைப் பக்கம் போனான், திரும்பி வந்தான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். பதினாலு வருடம் ஆகிறது. கோபித்துக்கொண்டு போனவன்தானே முதலில் கூப்பிட வேண்டும்?

அந்த வார்த்தை சங்கத்தில் தங்கிவிட்டது. வித்தியாசம் தெரியாதவனை இன்றைக்கும் "மோட்டார் காது" என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது யாரைப் பற்றி வந்தது என்றே தெரியாது.

22 நவம்பர், வெள்ளி

அளவுக் கேபிளைப் பீரோவிலிருந்து எடுத்தேன். அன்று ஜெயித்த அதே ஜெர்மன் கேபிள்தான். சங்கத்தின் சொத்து, என் பொறுப்பில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வெளியே வரும். புதிதாக வரும் ஒவ்வொரு கேபிளையும் இதோடு வைத்துத்தான் எடை போடுகிறோம். சுற்றியிருந்த டேப் பிசுபிசுத்துவிட்டது. மாற்ற வேண்டும்.

கேபிளில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. பிறகு எழுதுகிறேன்.

23 நவம்பர், சனி

மழை. எழுத ஒன்றும் இல்லை.

24 நவம்பர், ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு கேபிள். ஒரு கேபிளுக்குள் இரண்டு வயர், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். இந்தக் கேபிளில் இரண்டு வயரும் ஒரே வெள்ளை நிறம். ஒன்றின் மேல் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிகிற பொடி எழுத்து ஓடும். அடையாளத்துக்காக 2010இல் நான்தான் சிவப்பு டேப்பும் கறுப்பு டேப்பும் சுற்றினேன். இடது பக்கக் கேபிளில் ஒரு முனையில் எழுத்துள்ள வயருக்குச் சிவப்பு சுற்றியிருக்கிறேன். மறுமுனையில் எழுத்தில்லாத வயருக்குச் சிவப்பு சுற்றியிருக்கிறேன்.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, டார்ச் பேட்டரியை வைத்துப் பார்த்தேன். ஸ்பீக்கர்களின் முன்துணியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கிற கூம்பு எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கச் சுலோசனாவை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு கேபிளின் இந்தப் பக்க முனையிலும் பேட்டரியைத் தொட்டேன்.

"வலது பக்கத்துது வெளிய வருதுங்" என்றாள்.

"இடது?"

"அது உள்ள போகுதுங்." என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணாத்தான வரோணும்?" என்றாள்.

ஆமாம், ரெண்டும் ஒண்ணாத்தான் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாகத் தள்ளினால்தான் பாடுகிறவர் நடுவே நிற்பார். ஒன்று தள்ள ஒன்று இழுத்தால் குரல் கலைந்து சுவரெல்லாம் பரவிவிடும், கனம் போய்விடும். இதை முப்பத்துமூன்று வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். பிளஸையும் மைனஸையும் மாற்றி மாட்டிவிட்டு, சுவரே காணாமல் போய்விட்டது என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறேன்.

அவன் சொன்னதுதான் சரி. பதினாலு வருடமாகக் கோணல் அளவுகோலை வைத்து ஊருக்கெல்லாம் அளந்து கொடுத்திருக்கிறேன்.

25 நவம்பர், திங்கள்

டேப்பை மாற்றிச் சுற்றிவிட்டால் முடிந்தது வேலை. இரண்டு நிமிடம் ஆகும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. சுலோசனா யாரிடமும் சொல்லமாட்டாள்.

மாலை பிரபாகர் போன் செய்தான். "சார், மேடையில உங்களுக்கு ஒரு பொன்னாடை ஏற்பாடு பண்ணியிருக்கோம். பதினஞ்சாவது வருசமில்லீங்களா" என்றான். எதுக்கப்பா அதெல்லாம் என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

28 நவம்பர், வியாழன்

டேப்பை இன்னும் சுற்றவில்லை. கடையில் நல்ல சிவப்பு டேப் கிடைக்கவில்லை.

சுலோசனா, "கெடைக்கலயா, வாங்கலயா?" என்று கேட்டாள். குருமாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

30 நவம்பர், சனி

உடுமலைப்பேட்டைக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கடையை மூடிவிட்டு ரங்கராஜு அங்கே மகள் வீட்டில் இருக்கிறான் என்று சுலோசனாதான் விலாசம் எழுதிக் கொடுத்தாள். அந்த விலாசம் அவளிடம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. நான் இடது பக்கம் போய் நின்று, "ரங்கராஜு" என்றேன். அவன் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை கூப்பிட்டேன். அசையவில்லை. பதினாலு வருடக் கோபம் இவ்வளவு பெரிதா என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் அவன் மகள் இந்துமதி வெளியே வந்துவிட்டாள். "வாங்க மாமா. இந்தப் பக்கம் வாங்க, அப்பாவுக்கு அந்தக் காது கேக்காது" என்றாள்.

போன ஆடியில் ஒரு காய்ச்சல். எழுந்து பார்த்தால் இடது காது அடியோடு போயிருந்தது. காது மிஷின் வைத்தாலும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

வலது பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும், "ஏப்பா, இளைச்சுப் போயிட்டே" என்றான். நேற்றுத்தான் கடைசியாகப் பார்த்த மாதிரி இருந்தது அவன் சொன்னது. சாப்பிடாமல் விடவில்லை. தென்னைக்கு வந்த வெள்ளை ஈயைப் பற்றிப் பேசினான். நான் ரிட்டயரானதைப் பற்றிப் பேசினேன். மனப்பாடம் செய்ததில் முதல் வரிகூட வரவில்லை.

"பாட்டு கேக்கறயா?" என்று கேட்டேன்.

"கேக்கறேன். என்ன ஒண்ணு, எல்லாரும் வலது பக்கமே வந்து நிக்கறாங்க. எனக்கு இப்ப நடுவுங்கறதே இல்லப்பா." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? இனிமேல் கேபிளைச் சரியாக மாட்டினாலும் அவனால் அதைக் கேட்க முடியாது. "எட்டாந்தேதி சங்கத்துக்கு வர்றயா?" என்று மட்டும் கேட்டேன்.

"மோட்டார் காதுக்காரனுக்கு அங்க என்ன வேலை?" என்றான்.

அந்த வார்த்தை அவன் காதுக்கும் போயிருக்கிறது. ஒருமுறை ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி வாங்கப் பிரபாகர் கடைக்குப் போனானாம். அங்கே யாரோ இரண்டு பேர் மூன்றாமவனை அப்படிக் கேலி செய்துகொண்டிருந்தார்களாம். தான் யார் என்று சொல்லாமல் ஊசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாம். இதையும் வெள்ளை ஈயைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னான்.

"வா. நான் கார் அனுப்பறேன்" என்றேன். இந்துமதி அவனைப் பார்த்தாள். அவன் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னான்.

1 டிசம்பர், ஞாயிறு

சுலோசனாவிடம் கேட்டேன். ரங்கராஜுவின் மனைவி இருந்தவரை அவரும் இவளும் தீபாவளிக்குத் தீபாவளி போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த அம்மா போனபிறகு இந்துமதியோடு பேசுகிறாளாம். காது போனதும் தெரியுமாம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அந்த அம்மா இறந்ததுகூட எனக்குத் தெரியாது. இன்று முழுக்க மனசு சரியில்லை. வீணை ஓடிக்கொண்டிருந்த அறைக்குப் போய் ஸ்விட்சை அணைத்தேன். எழுபத்தெட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. போதும்.

4 டிசம்பர், புதன்

சிவப்பு டேப் வாங்கினேன். சுற்றவில்லை. மேடையில் பேச வேண்டியதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் பட்டமளிப்பு விழா உரை மாதிரி இருக்கிறது. சுலோசனாவிடம் படித்துக் காட்டினேன். "இதுல அவர் பேரே இல்லீங்களே" என்றாள். திருப்பி எழுதினேன்.

6 டிசம்பர், வெள்ளி

இந்துமதி போன் செய்தாள். "அப்பா சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னாருங் மாமா" என்றாள்.

8 டிசம்பர், ஞாயிறு

நாற்பது பேர் வந்திருந்தார்கள். மின்விசிறிகளை அணைத்தாயிற்று. மேடையில் வழக்கம்போலக் கறுப்புத் துணி, அதற்குப் பின்னால் கேபிள்கள். என் பழைய மாணவர்களில் இரண்டு பேர் தலை நரைத்து முன்வரிசையில் இருந்தார்கள். ரங்கராஜு நேரம் கழித்து வந்து கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்தான். அவனை அங்கே ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பொன்னாடைக்கு முன்னால் நானே மைக்கை வாங்கிக்கொண்டேன். அளவுக் கேபிளைத் தவறான டேப்போடே மாட்டிப் பாடகியின் ரெக்கார்டைப் போட்டேன். தலைகள் ஆடின. பாதியில் நிறுத்தி, கறுப்புத் துணியை விலக்கி, இடது பக்கத்தின் இரண்டு வயர்களையும் எல்லாரும் பார்க்கக் கழற்றி, மாற்றி மாட்டி, அதே இடத்திலிருந்து திரும்பப் போட்டேன். பாடகி நடுவே வந்து நின்றாள். மறைவில்லாமல் தெரிந்தது வித்தியாசம்.

பிறகு எழுதிவைத்ததைப் படித்தேன். 2010இல் சொன்ன தீர்ப்பு தவறு, அதன் பிறகு சொன்ன பதினாலு தீர்ப்புகளும் செல்லாது, பிழை கேபிளுடையதல்ல, என்னுடையது, அன்றே அதைக் கேட்டுச் சொன்னவர் ரங்கராஜு ஒருவர்தான், அவரைத்தான் நான் மோட்டார் காது என்று சொன்னேன், அவர் இந்த ஹாலில் கடைசி வரிசையில் இருக்கிறார். இரண்டு வரியை இரண்டு தடவை படித்துவிட்டேன்.

பிரபாகர், "சார் தமாஷ் பண்றாரு" என்று சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சேரவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "சார், அப்ப போன வருசம் நீங்க சொல்லி நான் வாங்கினது?" என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். அந்த மேடையில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

எல்லாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கராஜு இரண்டு பக்கமும் பார்த்தான். அவனுடைய நல்ல காது சுவர்ப் பக்கம் இருந்தது. மைக்கில் நான் படித்ததில் அவனுக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

இறங்கிப் போனேன். நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொல்லி, அவனுக்கு வலது பக்கம் குனிந்தேன்.

"என்னப்பா சொன்னே? எல்லாரும் என்னையப் பாக்கறாங்க" என்றான்.

காகிதம் மேடையிலேயே இருந்தது. "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி, ரங்கராஜு. இடது பக்க வயரை நான்தான் மாத்தி மாட்டிட்டேன். உன்ற காதுல ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

"அதா?" என்றான். "அது தெரியும். அன்னிக்கே மேடைப் பக்கம் போயித் துணியைத் தூக்கிப் பாத்தேன். எழுத்து ஓடற வயரு ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. காயில் சுத்தறவனுக்கு அது கூடவா தெரியாது?"

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? உன்ற ஸ்டூடண்டுக நாலு பேரு முன்னாடி உக்காந்துட்டு இருந்தாங்க. பிசிக்ஸ் வாத்தியாருக்குப் பிளஸ் மைனஸ் தெரியலன்னு அவங்களுக்கு முன்னால நான் சொல்றதா? கழட்டும்போது நீயே பாத்துக்குவேன்னு வந்துட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீயே ஒரு வாரத்துல போன் பண்ணுவேன்னு நெனச்சேன். அந்த வாரம் பூரா வேலைக்கு வெளிய போகல. கடையில போனுக்குப் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடக்கிப் பார்க்கவில்லை.